பைனான்ஸில் எந்த எலெக்டிவ் எடுக்கிறது?

மூன்றாம் வருடப் பெறுபேறு வருகிற காலத்தில் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். “அண்ணை, எலெக்டிவ் போம் நிரப்பவேணும். டெரிவேட்டிவ்ஸ் எடுக்கவோ, மைக்ரோபைனான்ஸ் எடுக்கவோ?” “போர்ட்போலியோ எடுத்தால் வேலை கிடைக்குமா அண்ணா?” “பொண்ட் படிப்பிக்கிற சேர் மார்க்ஸ் போடமாட்டாராம், உண்மையோ?” கடைசிக் கேள்விதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். இனிக் கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாருங்கோ.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வீடு கிளிநொச்சிப் பக்கம். வணிகக் கற்கைகள் படித்தது வவுனியாவில். இப்போது வன்னிக்குள்ளேயே ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் என் சொந்தக் கருத்து.

நாங்கள் இன்றைக்கும் ‘கம்பஸ்’ என்று சொல்லும் இடம் 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனியே நின்றது. பழைய பல்கலைக்கழகங்களின் பட்டத்தை நேர்முகத் தேர்வில் நீட்டினால் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எங்கள் பிள்ளைகள் கொழும்புக்குப் போனால் “அங்கே என்ன படித்தீர்கள்?” என்று ஒருவர் பெறுபேற்றுத் தாளை மெதுவாகப் புரட்டுவார். அந்தத் தாளில் இருக்கும் பாடங்களில் பெரும்பாலானவை எல்லாருக்கும் பொது. நீங்களாகத் தேர்ந்தவை எலெக்டிவ் மட்டும்தான். அதனால்தான் “இதை ஏன் எடுத்தீர்கள்?” என்ற கேள்வி வரும். “பிரெண்ட்ஸ் எல்லாம் எடுத்தாங்கள் சேர்” என்று அங்கே சொல்ல முடியாது.

பாடப் பட்டியல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். ஆகவே பாடக் குறியீடுகளை விட்டுவிட்டு, வழக்கமாகப் பட்டியலில் வரும் வகைகளைப் பற்றிக் கதைக்கிறேன். என் அளவுகோல் இரண்டு.

ஒன்று, வேலையில் சேர்ந்தால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும் விடயத்துக்கு ஒரு செமஸ்டரைக் கொடுக்க வேண்டாம். கணக்குத் திறப்பது, காசோலை தீர்ப்பது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து என்பதெல்லாம் கவுண்டரில் நின்றால் தானாக வரும். வகுப்பில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித் தந்தால் ஒழியத் தலைக்குள் ஏறாத கணக்குகள் சில உண்டு. செமஸ்டரை அதற்குக் கொடுங்கோ.

இரண்டு, எங்கள் ஊரில் காசு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை அந்தப் பாடத்தால் பிரித்துப் பார்க்க முடிகிறதா? புத்தகத்தில் இருக்கும் அமெரிக்க உதாரணத்தை எடுத்துவிட்டு மாங்குளத்து உதாரணத்தைப் போட்டாலும் பாடம் நிற்க வேண்டும்.

பொண்ட்: எல்லாரும் பயப்படும் பாடம்

நிலையான வருமான முதலீடுகள் என்று பட்டியலில் இருக்கும். திறைசேரி முறி, திறைசேரி உண்டியல், வட்டி வீதங்கள் பற்றியது. கணக்கு அதிகம் என்பதால் கூட்டம் குறைவு. என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

2022 இல் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கோ. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் 91 நாள் திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. முந்திய வருட நடுவில் இது 5, 6 சதவீதம் என்று கிடந்த சாமான். பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே நிலையான வைப்புக்கு எந்த வங்கி எவ்வளவு தருகுது என்று சனம் கதைத்தது. ஆனால் வட்டி ஏறினால் பழைய முறி வைத்திருப்பவனுக்கு என்ன நடக்கும் என்று எத்தனை பேருக்கு விளங்கியது?

சின்னக் கணக்கு ஒன்று. 100 ரூபாய் முகப்பெறுமதி, வருடத்துக்கு 10 ரூபாய் வட்டி, பத்து வருட முறி ஒன்றை 100 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். மறுநாள் சந்தை வட்டி 20 சதவீதத்துக்கு ஏறுகிறது. உங்கள் கடதாசி இப்போது எவ்வளவு பெறும்? வருடம் தவறாமல் வரும் 10 ரூபாயையும் கடைசியில் வரும் 100 ரூபாயையும் 20 சதவீதத்தில் கழித்துக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 58 ரூபாய். அரசாங்கம் ஒரு சதம்கூடக் கட்டாமல் விடவில்லை. ஆனாலும் 42 ரூபாய் போய்விட்டது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வட்டிவீத அபாயம் என்றால் என்ன என்று பிறகு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இது கொழும்பு டீலர்மாரின் விளையாட்டு, எங்களுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் மாதம் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முதலாளி பங்குக்கு 12 சதவீதம். அந்த நிதி தன் காசில் மிகப் பெரிய பங்கைத் திறைசேரி முறிகளில் போட்டிருக்கிறது. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, நிதியங்கள் தங்கள் பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தரும் புது முறிகளை வாங்க வேண்டி வந்தது. மாற்றாவிட்டால் அந்த வருமானத்துக்கான வரி 14 இலிருந்து 30 சதவீதமாகும். அந்தத் தையல் பிள்ளையின் ஓய்வுகாலக் காசுக்கு இதனால் என்ன வித்தியாசம் வரும்? முறிக் கணக்குத் தெரிந்தவர் ஒரு தாளில் போட்டுக் காட்டுவார். தெரியாதவர் தொலைக்காட்சி விவாதத்தில் யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவர் சொல்வதை நம்புவார்.

2015 பெப்ரவரி 27 இல் மத்திய வங்கி நடத்திய முறி ஏலமும் அப்படித்தான். 30 வருட முறிக்கு 1 பில்லியன் ரூபாய் கேட்டுவிட்டு 10 பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள். ‘பிணைமுறி மோசடி’ என்று பத்திரிகைகள் வருடக்கணக்காக எழுதின, ஜனாதிபதி ஆணைக்குழுவும் இருந்தது. கூடுதலான தொகையை உயர்ந்த வட்டிக்கு ஏற்றால் யார் இலாபம் அடைகிறார், எப்படி அடைகிறார் என்பதை விளங்கிக்கொண்டு அந்தச் செய்திகளை வாசித்தவர்கள் குறைவு.

இந்தப் பாடத்தை வங்கிக் கிளையில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். எங்கள் கிளையில் முறி வாங்கி விற்கும் வேலையே இல்லை. வகுப்பில் கற்றால் உண்டு.

கடன் பாடம்: மதிக்கப்படாத தங்கம்

வங்கிக் கடன் முகாமைத்துவம், நுண்நிதி, கிராமிய நிதி என்று பெயர் மாறும். நுண்நிதி என்றால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். “அது என்ஜிஓக்காரர் பாடம் அண்ணை” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமோ?

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு, வீடு கூரை ஏறுவதற்கு முன்னமே லீசிங் கம்பனிகளும் கிழமைக் கடன்காரரும் வந்துவிட்டார்கள். குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கும் கடன், கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம், மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போகும் தவணை. இதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் வகுப்பில் எத்தனை பேர்?

அந்தக் கடன் துண்டு ஒன்றைக் கையில் எடுங்கோ. 60,000 ரூபாய்க் கடன், வருடத்துக்கு 24 சதவீத வட்டி, 52 கிழமை என்று வைப்போம். 60,000 க்கு 24 சதவீதம் 14,400. மொத்தம் 74,400. கிழமைக்கு 1,431 ரூபாய். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் 26 கிழமை கட்டி முடித்தபோது முதலின் பாதியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டி மட்டும் இன்னும் முழு 60,000 க்கும் ஓடுகிறது. எக்செல்லில் ‘ரேட்’ சூத்திரத்தில் போட்டால் கிழமைக்கு 0.845 சதவீதம், வருடத்துக்கு ஏறத்தாழ 44 சதவீதம் வரும். இன்னும் ஒரு விடயம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 58,000 ஐத்தான் கையில் தருகிறார்கள் என்று வைத்துப் பாருங்கோ. அதே தவணைக்கு வீதம் 51 ஐத் தாண்டும். துண்டில் இருக்கும் எண் 24 தான். அது பொய்யும் இல்லை. எந்த மீதிக்கு வட்டி போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல்தான் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று பெண்கள் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்தாலும் வேறு வழி இருந்திராது. வன்னியில் ஏன் வழி இல்லை என்பதும் இந்தப் பாடத்துக்குள்தான் வரும். எங்களில் நிறையப் பேர் இருப்பது குடியேற்றத் திட்டக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெமிட், அல்லது அளிப்புப் பத்திரம். நான்கு ஏக்கர் வயல் கண்முன்னே கிடக்கும். உறுதிக் காணியைப் போல அதை நினைத்த வங்கியில் ஈடு வைக்க முடியாது. ஆகவே வீட்டில் இருக்கும் நகைதான் ஈடு. நகையும் இல்லாதவருக்குக் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் ஈடு.

நகை என்றதும் இன்னொன்று. 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். போரின் முடிவில் மீட்கப்பட்ட நகைகளை 2025 மே மாதம் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தபோது, துண்டு தொலைந்த எத்தனையோ பேர் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஈடு, உரித்து, பதிவேடு என்ற சொற்கள் பாடக் குறிப்பில் வரும்போது வன்னிப் பிள்ளை உதாரணத்துக்கு வெளியே போகத் தேவையில்லை.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், பொதுமக்களிடம் வைப்பும் வாங்கிக் கடனும் கொடுக்கும் நிறுவனங்களைக் கட்டுக்குள் கொண்டுவரவே எழுதப்பட்டது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றார். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 சதவீதம் என்று மேல் எல்லையும் வைத்தார்கள். மேலே போட்ட கணக்கோடு அந்த 35 ஐ ஒப்பிட்டுப் பாருங்கோ. எல்லையை எந்த முறையில் கணிப்பது என்று சொல்லாவிட்டால் எல்லைக்கு அர்த்தமே இல்லை என்பது உடனே விளங்கும்.

வயல் பக்கம் பார்த்தால் இன்னும் கூத்து. இரணைமடுவின் கீழ் காலபோகம் செய்பவருக்குக் காசு வருவது மாசி, பங்குனியில் நெல் வெட்டிய பிறகு. தவணையோ கடன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்குகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் தண்ணீருக்குள் போயின. 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது அந்தக் காலபோக விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. கடன் எடுத்தவர் கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. காசு வரும் நாளும் கட்டும் நாளும் பொருந்தவில்லை. இதை ஒரு கோப்பில் எழுதி, “இவருக்கு அறுவடைத் தவணை கொடுக்கலாம்” என்று மேலதிகாரியை நம்ப வைக்கத் தெரிந்த ஆள் கிளைக்கு ஒருவர் இருந்தாலே ஊருக்குப் பெரிய உதவி. நீங்கள் அந்த ஒருவராக இருக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை. இதே பெயரில் வரலாறும் வரைவிலக்கணமும் மட்டும் படிப்பிக்கும் பாடமும் உண்டு. யூனுஸ் கிராமின் வங்கியை எப்போது தொடங்கினார், எந்த வருடம் நோபல் கிடைத்தது என்று எழுதிவிட்டு வரலாம். அப்படியென்றால் அதை எடுக்க வேண்டாம், வீட்டிலேயே வாசிக்கலாம். பழைய வினாத்தாளைப் பாருங்கோ. ஒரு கடன் விண்ணப்பத்தைக் கொடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தால் அது சரியான பாடம்.

சர்வதேச நிதி: உண்டியல்காரரின் பாடம்

கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன் என்று ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. நாணய மாற்று வீதத்தை நாங்கள் சின்ன வயதிலேயே தொலைபேசியில் கேட்டு வளர்ந்தவர்கள். 2022 மார்ச் தொடக்கம் வரை டொலருக்கு வங்கி 200 ரூபாய் சொச்சம் தந்தது, வங்கிக்கு வெளியே காசு கைமாற்றித் தரும் உண்டியல்காரர் அதைவிட நன்றாகக் கூட்டித் தந்தார். மே மாதத்துக்குள் வங்கி வீதமே 360 ஐத் தொட்டது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2022 இல் 3.8 பில்லியன். சனத்துக்குப் பாசம் குறையவில்லை, காசு வேறு வழியால் வந்தது. வீதத்தைச் செயற்கையாகப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாவது எலெக்டிவுக்கு இடமிருந்தால் இதை எடுங்கோ. வெளிநாட்டுக் காசில் முதலீடு செய்ய வரும் உறவினர் ஒருவர் “அங்கே போட்டால் எத்தனை வீதம் வரும் தம்பி?” என்று கேட்பார். ரூபாய் வட்டியை மட்டும் சொல்லி அவரை ஏமாற்றாமல், நாணயம் விழுந்தால் என்ன மிஞ்சும் என்றும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

போர்ட்போலியோவும் டெரிவேட்டிவ்ஸும்

முதலீட்டு முகாமைத்துவப் பாடத்துக்கு எப்போதும் கூட்டம் அதிகம். 2020 இல் கொழும்புப் பங்குச் சந்தைக்குப் போனிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்த பிறகு, மகாபொலக் காசில் பங்கு வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அடிப்படை நிதி முகாமைத்துவத்திலேயே அபாயம், வருமானம், பீட்டா எல்லாம் ஓரளவு வந்துவிடும். மார்கோவிட்ஸ் 1952 இல் எழுதியதன் சாரம் இரண்டு விரிவுரைக்குள் அடங்கும். மிச்சத்தை நீங்களே தேடிப் படிக்கலாம், அதற்கு வேண்டிய தரவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பங்கு ஆய்வாளராகக் கொழும்பில் வேலை தேடுவதுதான் திட்டம் என்றால் கட்டாயம் எடுங்கோ. “பங்கு வாங்கிப் பணக்காரன் ஆகலாம்” என்பதற்காக எடுத்தால் செமஸ்டர் முடிவில் ஏமாற்றம்தான்.

டெரிவேட்டிவ்ஸ் பற்றி ஒரு பேச்சு உண்டு. “இலங்கையில் அதுக்குச் சந்தையே இல்லை, ஏன் மினக்கெடுறாய்?” என்று. இதற்குப் பதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம். எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த 2007, 2008 இல் கூட்டுத்தாபனம் சில வங்கிகளோடு ஹெட்ஜிங் ஒப்பந்தம் செய்தது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலர் வரை போன விலை டிசம்பரில் 40 க்குக் கீழே விழுந்தது. விலை ஏறினால் கூட்டுத்தாபனத்துக்குக் கிடைக்கும் இலாபத்துக்கு எல்லை இருந்தது. விழுந்தால் கட்ட வேண்டியது மலையாகக் குவிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டுக் கட்டணங்களை நிறுத்தியது. பிறகு வெளிநாட்டு மன்றங்களில் நடந்த வழக்குகள் சிலவற்றில் நாடு தோற்றது. 2012 இல் டொய்ச் வங்கிக்கு மட்டும் 60 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பாயிற்று. கையெழுத்துப் போட்ட மேசையில் அந்த ஒப்பந்தத்தில் விலை விழுந்தால் என்ன ஆகும் என்று வரைந்து பார்க்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருந்தார்களா என்ற கேள்வி இன்றைக்கும் நிற்கிறது.

ஆகவே பாடம் வீண் என்று சொல்ல மாட்டேன். கணிதத்தில் ருசி உள்ளவர், மேற்படிப்புக்குப் போகிறவர், வெளிநாட்டு வேலையைப் பார்க்கிறவர் எடுக்கலாம். மற்றவர்களுக்கு, முறிப் பாடத்தைப் படிக்காமல் நேரே டெரிவேட்டிவ்ஸுக்குப் போவது வீண் அலைச்சல். கழிவுக் கணக்கு கைக்கு வராமல் ஒப்ஷன் விலை விளங்காது.

சில நடைமுறை விடயங்கள்

சிஏ, ஏஏடி, சீமா பக்கவாட்டில் செய்கிற பிள்ளைகள் கவனம். கணக்காய்வும் உயர்நிலைக் கணக்கீடும் அங்கே நன்றாக வரும். அதையே கம்பஸிலும் எலெக்டிவாக எடுத்தால் புள்ளி இலகுவாக வரும்தான், ஆனால் ஒரே கிணற்றில் இரண்டு தரம் தண்ணி அள்ளுவதுதான். அங்கே கிடைக்காததை இங்கே எடுங்கோ.

ஜிபிஏ. கிளாஸ் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. விரிவுரையாளராக வர நினைக்கிறவருக்கு ஒவ்வொரு புள்ளியும் முக்கியம். ஆனால் ‘மார்க்ஸ் போடமாட்டார்’ என்ற கதையை இரண்டு பட்ச் முந்திய ஆட்களிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். நேரே போய்ப் பாடத்திட்டத்தை வாங்குங்கோ, மூன்று வருட வினாத்தாள்களைப் பாருங்கோ, கேள்விகள் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கோ. வளாகத்தில் பரவும் பயங்களில் அரைவாசி வினாத்தாளைப் பார்த்ததும் போய்விடும்.

ஆங்கிலம். இதை ஒருவரும் வெளியே சொல்வதில்லை. உயர்தரம் வரை தமிழில் கணக்கீடும் பொருளியலும் படித்துவிட்டு, கம்பஸில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்து வருகிறவர்கள் இந்தப் பயத்தில்தான் ‘இலகுவான’ பாடத்தை எடுக்கிறார்கள். ஆனால் இலகு என்று நினைக்கும் பாடங்களில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுத வேண்டும். முறிப் பாடத்தில் விடையின் பெரும்பகுதி கணக்கு, அதற்குக் கீழே இரண்டு வரி விளக்கம். தமிழ் மூலத்தில் இருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம்தான் நியாயமான ஆடுகளம். என்னோடு படித்தவர்களில் இதனால் மேலே வந்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வேலை. அம்மா அப்பாவுக்கு அரச உத்தியோகம்தான் கனவு, அதில் தவறும் இல்லை. கணக்காளர் சேவைப் பரீட்சைக்கு இருங்கோ, அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கும் விண்ணப்பியுங்கோ. பிரதேச செயலகத்தில் இருந்தாலும் நீங்கள் பார்க்கப் போவது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன், சமுர்த்தி வங்கிப் புத்தகம், வாழ்வாதாரத் திட்டம் என்பவைதான். அங்கேயும் கடன் பாடம் உங்களோடு வரும். தனியார் பக்கம் என்றால் வன்னியில் வேலை கொடுக்கிறவை வங்கிகளும் லீசிங் கம்பனிகளும்தான். அவர்கள் கேட்பது ஒன்று, ஒரு ஆளின் வருமானத்தைப் பார்த்துக் கடன் கட்டுவாரா என்று சொல்லத் தெரியுமா? எக்செல்லில் அதைச் செய்து காட்டத் தெரியுமா?

நண்பர்கள். ஒரே வகுப்பில் இருந்தால் குறிப்புப் பகிரலாம், பஸ்ஸுக்கும் ஒன்றாகப் போகலாம். அது வெறும் ஒரு செமஸ்டர். பெறுபேற்றுத் தாளில் பாடத்தின் பெயர் கடைசி வரைக்கும் இருக்கும்.

என் தீர்ப்பு

இரண்டு எலெக்டிவ்தான் என்றால்: ஒன்று முறியும் வட்டியும், மற்றது வங்கிக் கடன் அல்லது கணக்கோடு கூடிய நுண்நிதி. மூன்றாவதுக்கு இடமிருந்தால் சர்வதேச நிதி. டெரிவேட்டிவ்ஸ், முறிப் பாடம் முடித்தவருக்கு மட்டும். போர்ட்போலியோ, கொழும்பு ஆய்வு வேலைக்குப் போக நினைப்பவருக்கு மட்டும். வங்கி நடைமுறை, காப்புறுதி அறிமுகம் மாதிரியானவை வேலையில் சேர்ந்து பழகிக்கொள்ளலாம்.

இன்னும் குழப்பமாக இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். போம் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல் வீட்டுக்குப் போய், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு கடன் துண்டை, லீசிங் ஒப்பந்தத்தை, இல்லாவிட்டால் ஒரு கழிவுச் சீட்டின் கணக்கை வாங்குங்கோ. கையில் கிடைத்த காசு எவ்வளவு, எந்த எந்த நாளில் எவ்வளவு கட்டினார்கள் என்று வரிசையாக எழுதுங்கோ. உண்மையான வருட வட்டி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடியுங்கோ. கணக்குப் போடும்போது நேரம் போனதே தெரியாவிட்டால் முறிப் பாடத்துக்குப் பயப்பட வேண்டாம். கணக்கைவிட அந்தக் குடும்பம் ஏன் அந்தக் கடனை எடுத்தது என்ற கதை உங்களைப் பிடித்துக்கொண்டால் கடன் பாடத்துக்குப் போங்கோ. விடையை அந்த வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கோ, அவருக்குத்தான் அது முதலில் தேவை.